மாதம் ஒரு படம்: கடைசியில் முடிவெடுப்பது அவளாக இருக்கிற படங்கள் சொல்லுங்கள்

அல்சூர் அகிலா

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் குடியிருப்பில் எட்டுப் பெண்கள் சேர்ந்து மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் ஒரு படம் பார்க்கிறோம். இடம் எங்கள் வீட்டு ஹால். யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போன புரொஜெக்டர், திரைக்கு என் வீட்டுக்காரரின் கல்யாண வேட்டி. மூத்தவர் என் அத்தை, வயது 71. மாமியார்தான், நான் அத்தை என்று கூப்பிடுவேன். இளையவள் மூன்றாவது மாடிப் பெண், பத்தாவது படிக்கிறாள். எதிர் வீட்டு ஆன்ட்டி கன்னடக்காரர், ஆனால் சிவாஜிநகரில் வளர்ந்ததால் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

போன மாதம் ஒருவர் "பெண்ணை மையமாக வைத்த படம்" என்று ஒன்றைப் போட்டார். பெயர் வேண்டாம், விடுங்கள். இரண்டு மணி நேரம் கதாநாயகி அழுகிறாள். கடைசிப் பத்து நிமிடம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அரிவாளைத் தூக்குகிறாள், பின்னணியில் உடுக்கைச் சத்தம். அத்தை இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். எழுந்ததும் கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணு எங்கயாவது வேலைக்குப் போச்சா?" நாங்கள் ஏழு பேரும் யோசித்தோம். ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. படத்திலேயே அது வரவில்லை.

அதனால் இந்த முறை ஓர் அளவுகோல். அவள் எத்தனை பேரை அடித்தாள் என்பது வேண்டாம். கடைசி அரைமணி நேரத்தில் முடிவை யார் எடுக்கிறார்கள்? அவளா, வக்கீலா, அண்ணனா, அம்மனா? அவளாக இருந்தால் சொல்லுங்கள். தமிழ்தான் என்றில்லை, சீரியல், வெப் தொடரும் சரி.

ராத்திரி ஷிப்ட்

கார்கி, கார்கி, கார்கி. 2022இல் வந்தது, கௌதம் ராமச்சந்திரன் இயக்கம், சாய் பல்லவி. பள்ளிக்கூட டீச்சர், அப்பா ஒரு குடியிருப்பில் வாட்ச்மேன். அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். கூட வருகிற வக்கீலுக்குத் திக்குவாய். காளி வெங்கட் அப்படி நடித்திருக்கிறார். நம் ஊர்க் கோர்ட்டுப் படங்களில் வக்கீல் மூச்சு விடாமல் முழங்குவார், இதில் ஒரு வாக்கியத்தை முடிக்கவே பாடுபடுகிறார். அந்த இடைவெளியில்தான் கார்கி யோசிக்கிறாள். நீதிபதி ஒரு திருநங்கை, நடித்த டாக்டர் எஸ். சுதாவும் திருநங்கைதான்.

அருவி (2017) முதல் பாதிக்காகவே பார்க்கலாம். அறம், அதே வருடம், நயன்தாரா கலெக்டர், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை. இறுதிச்சுற்று, கனா இரண்டும் விளையாட்டு. பத்தாவது படிக்கிற பெண்ணுக்குப் பிடிக்கும், ஆனால் இரண்டிலும் கோச் வந்துதான் வழி காட்ட வேண்டியிருக்கிறது. அது உங்கள் அளவுகோலில் பாஸா ஃபெயிலா, நீங்களே பாருங்கள்.

ஆபீஸ் கேப் வந்துவிட்டது, மீதி அப்புறம்.

கேள்விக்குறி

கார்கியில் கடைசியில் என்ன ஆகிறதென்றால் அவளுடைய அப்பா

நிர்வாகி

மேலே உள்ள பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. கதையை உடைக்காதீர்கள். இரண்டாவது முறை என்றால் ஒரு வாரத் தடை.

பனசங்கரிப் பெரியவர்

அகிலா அம்மா, உங்கள் அத்தை கேட்ட கேள்வி பல விமர்சகர்களுக்கே தோன்றாதது. அவருக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒரு பழைய படம். அவள் அப்படித்தான், 1978, இயக்கம் சி. ருத்ரய்யா. கறுப்பு வெள்ளை. ஸ்ரீப்ரியா மஞ்சுவாக, ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. கமல் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர். ரஜினி அந்த நிறுவனத்தின் முதலாளி, நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் பெண்களைப் பற்றி இளக்காரம். வசனத்தில் வண்ணநிலவனும் பங்கெடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. 1978 தீபாவளிச் சமயத்தில்தான் இது வந்தது. அதே தீபாவளிக்குக் கமலின் இன்னொரு படமும் வந்தது, சிகப்பு ரோஜாக்கள். அதில் அவர் பெண்களைக் கொன்று புதைக்கிறவர். கூட்டம் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சுவை அப்போது பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்ததே பல வருடம் கழித்து, பனசங்கரி சுசித்ரா ஃபிலிம் சொசைட்டிப் பழக்கம் வந்த பிறகு ஒரு நண்பர் வீட்டு வீடியோ கேசட்டில். அவ்வளவு தேய்ந்த கேசட், பாதி வசனத்தை ஊகித்துக்கொண்டேன்.

கமலின் பாத்திரத்தைக் கவனியுங்கள். பெண் விடுதலை என்று மேடை போட்டுப் பேசக்கூடியவர். மஞ்சு சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். ஆனால் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் தடுமாறுகிறார். ரஜினி பாத்திரத்தைத் திட்டுவது சுலபம். நம்மில் பெரும்பாலோர் கமல் பாத்திரம். நான் உட்பட.

பழைய படமென்பதால் முடிவைச் சொல்லலாமா, நிர்வாகி ஐயா?

நிர்வாகி

47 வருடம் ஆகிவிட்டது. சொல்லுங்கள்.

பனசங்கரிப் பெரியவர்

நன்றி. கமல் ஊருக்குப் போய் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறார். சரிதா. காரில் மஞ்சு அந்தப் புதுப்பெண்ணிடம், பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். அவள், எனக்கு அதைப் பற்றியெல்லாம் தெரியாது என்கிறாள். மஞ்சு கீழே இறங்கிக்கொள்கிறாள், கார் போய்விடுகிறது. இறங்க வேண்டுமென்று சொன்னது யார்? அவள்தான். உங்கள் அளவுகோலில் வருகிறதா?

அல்சூர் அகிலா

வருகிறது சார், ஆனால் ஒரு சந்தேகம். முடிவு அவளுடையது, சரி. நடுரோட்டில் நிற்பதும் அவள்தானே? கார் அவர்களிடம் இருக்கிறது.

பனசங்கரிப் பெரியவர்

இதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. நாற்பது வருடமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன், கார் யாருடையது என்று யோசித்ததில்லை.

மல்லேஸ்வரம் மீனா

கார் விஷயம் பிரமாதம், அக்கா. பாலச்சந்தர் படங்களிலும் இதே தொல்லைதான். அவள் ஒரு தொடர்கதை (1974). சுஜாதா சம்பாதித்துப் போடுகிறார், வீட்டில் எல்லோரும் தின்கிறார்கள். கடைசியில் கல்யாணத்தையும் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறார். முடிவெடுத்தது அவள்தான். ஆனால் வேறு எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்? தியாகத்தைத் தட்டில் வைத்து அழகாகப் பரிமாறிவிட்டு நம்மைக் கைதட்டச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வரும். மனதில் உறுதி வேண்டும் (1987) படத்திலும் பாருங்கள், சுஹாசினி, விட்டுப்போன கணவனுக்குச் சிறுநீரகத்தையே கொடுக்கிறார். போதும் சார்!

எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு தகவல்: தொடர்கதையைப் பாலச்சந்தரே 1983இல் கன்னடத்தில் எடுத்தார், பெங்கியல்லி அரளித ஹூவு, சுஹாசினி. "நெருப்பில் மலர்ந்த பூ" என்று அர்த்தம். அவர் பார்த்திருப்பார்.

அல்சூர் அகிலா

மீனா, உங்கள் பதிவை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

"நான் ஜாலஹள்ளி வாட்ச் ஃபேக்டரில சேர்ந்தது 74ல. அந்தப் படம் வந்த வருஷம். எங்க லைன்ல பாதிக்கு மேல பொண்ணுங்க. ஒவ்வொருத்தி வீட்லயும் ரெண்டு தம்பி, ஒரு தங்கச்சி. படம் பாத்துட்டு வந்து மறுநாள் யாரும் தியாகம்னு பேசல. சம்பளக் கவரை யார் கையில குடுக்கறதுன்னு பேசினோம். அப்பா கையிலயா, அம்மா கையிலயா. நான் அந்த மாசத்துலேர்ந்து அம்மா கையில குடுத்தேன்."

இதைக் கேட்ட பிறகு அந்தப் படத்தை எந்தப் பெட்டியில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கேள்விக்குறி

நானும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறேன். நீங்கள் சொல்கிற எல்லாப் படத்திலும் ஆண்கள் ஒன்று வில்லன், இல்லையென்றால் கோழை. நேர்கொண்ட பார்வை யாருமே சொல்லவில்லையே? ஒரு பெரிய ஹீரோ வந்து பெண்களுக்காகப் பேசினார். அது பெண்ணியம் இல்லையா?

ராத்திரி ஷிப்ட்

ஷிப்ட் முடிந்து வந்தால் இந்தக் கேள்வி. சரி, பொறுமையாகவே சொல்கிறேன் அண்ணா.

நேர்கொண்ட பார்வையின் இந்தி மூலம் பிங்க் (2016), டெல்லியில் நடக்கிற கதை. சேர்ந்து குடியிருக்கிற மூன்று வேலைக்குப் போகிற பெண்கள், வயதான ஒரு வக்கீல். 2019இல் தமிழுக்கு வந்தபோது அந்த வக்கீலுக்கு ஒரு சண்டைக்காட்சி சேர்ந்தது, இறந்துபோன மனைவிக்கு ஒரு முன்கதை சேர்ந்தது. அந்த மூன்று பெண்களுக்கு என்ன சேர்ந்தது? யோசித்துப் பாருங்கள்.

கோர்ட்டில் ஷ்ரத்தா ஸ்ரீநாத் உட்கார்ந்திருக்கிற இடத்தை மட்டும் பாருங்கள். அந்தப் பெண் இந்த ஊரில்தான் சட்டம் படித்தார். கன்னட யூ டர்ன் (2016) பார்த்தீர்களா? டபுள் ரோடு மேம்பாலத்தில் தடுப்புக் கல்லை நகர்த்திவிட்டுத் தப்பாகத் திரும்புகிற வண்டிகளைத் துரத்துகிற பத்திரிகைக்காரி. யாரும் வந்து காப்பாற்றவில்லை, தானே போய் நோண்டுகிறாள். அதே நடிகை. அகிலா அக்கா, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியாக வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் கொஞ்சம் பயமும் வரும், நல்லது.

பொம்மனஹள்ளி மகன்

கேள்விக்குறி சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நேர்கொண்ட பார்வையை நான் ஹீரோவின் ரசிகனாக, முதல் நாள், பேப்பர் கிழித்துப் போடுகிற கூட்டத்தோடு பார்த்தேன். "வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்கிற இடத்தில் தியேட்டர் அமைதியானது. அந்தக் கூட்டம் கார்கிக்கு வந்திருக்காது. அதற்காக அது பெண்ணின் படம் ஆகாது, அதுவும் சரி.

என் ஓட்டு மகளிர் மட்டும். 1994இல் வந்தது, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல் தயாரிப்பு. ஊர்வசி, ரேவதி, ரோகிணி. ஆடை ஏற்றுமதி நிறுவனம், மேல் கை போடுகிற மேனேஜர் நாசர். பிணமாகவே நடித்து நாகேஷ் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவார். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை.

என் அம்மா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். பெயர் வேண்டாம். அந்தப் படத்தை டிவியில் எப்போது போட்டாலும் அம்மா சிரிக்க மாட்டார். "இவ்ளோ பெரிய கம்பெனில லைன் எங்க, டார்கெட் எங்க, சூப்பர்வைசர் எங்க?" என்பார். ரோகிணி பாத்திரம் வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். கூட்டிப் பெருக்குகிற பாப்பம்மா. மற்ற இருவரும் யோசித்து யோசித்துப் பேசுகிற இடத்தில் அவள் பட்டென்று கேட்டுவிடுவாள்.

2016 ஏப்ரலில் நடந்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். பிஎஃப் பணத்தில் நிறுவனத்தின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாதென்று ஒரு விதி வந்தது. கார்மென்ட்ஸ் வேலையில் 58 வரை யார் இருக்கிறார்கள்? மகள் கல்யாணமோ, மகன் ஃபீஸோ, வேலையை விட்டுவிட்டு அந்தப் பணத்தை எடுத்தால்தான் உண்டு. பொம்மனஹள்ளியில் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். பெரிய தலைவர் யாரும் கூப்பிட்டு வரவில்லை. ஆயிரக்கணக்கில், ஓசூர் ரோடு நின்றுவிட்டது. தடியடி, கண்ணீர்ப் புகை, பஸ் எரிப்பு எல்லாம் ஆனது. இரண்டாவது நாளே டெல்லியில் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள். அம்மா அன்று காலில் செருப்பில்லாமல் நடந்து வீட்டுக்கு வந்தார். ஒன்று எங்கேயோ அறுந்துபோனது, இன்னொன்றை எறிந்துவிட்டாராம். எதன் மேல் எறிந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இதைக் கதையாக வைத்து ஒரு தமிழ்ப் படம் பார்க்க வேண்டும். கதாநாயகி ஒருத்தி போதாது, நாற்பது பேர் வேண்டும்.

வக்கீல் வண்டி

பொம்மனஹள்ளித் தம்பி, அம்மாவுக்கு என் கும்பிடு.

ஒரு சின்னத் தகவல் சேர்க்கிறேன். மகளிர் மட்டும் வந்தபோது அந்த மேனேஜர் செய்வதைத் தடுக்கவென்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. ராஜஸ்தானின் பன்வாரி தேவி வழக்கையொட்டி உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்களைத் தந்தது 1997இல். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இல். அந்த மூன்று பெண்களும் புகார் கொடுக்கப் போகாமல் மேனேஜரைக் கட்டிப்போட்டது வெறும் நகைச்சுவை இல்லை, புகார் கொடுக்கக் கமிட்டியே இல்லாத காலம். இப்போது கமிட்டி இருக்கிறது. உறுப்பினர் யார் என்று உங்கள் ஆபீஸில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, இது வேறு இழைக்கான விஷயம்.

சீரியல் சித்தி

எல்லோரும் சினிமாவையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நம் வீடுகளில் தினமும் ராத்திரி பார்த்தது என்ன? கோலங்கள். 2003இலிருந்து 2009 வரை. தேவயானியின் அபி கட்டட கம்பெனி நடத்தினாள், கணவனை விட்டு வெளியே வந்தாள், விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். சீரியல் என்பதால் விழ வைத்துக்கொண்டே இருந்தார்கள், வேறு வழி? ஆனால் எங்கள் தெருவில் கல்யாணமாகி வந்த மூன்று மருமகள்கள் அந்த வருடங்களில்தான் தையல், டியூஷன் என்று ஆரம்பித்தார்கள். சீரியலால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அதே திருச்செல்வம் பிறகு எடுத்ததுதான் எதிர்நீச்சல், 2022. நான்கு மருமகள்களும் ஒரு ஆதி குணசேகரனும். அந்தப் பெண்கள் அடுப்படியில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சு இருக்கிறதே, அது எழுதி வருவதில்லை, ஒட்டுக்கேட்டுத்தான் வரும். ஆனால் ஊரில் பிரபலமானது யார்? குணசேகரன். மறைந்த மாரிமுத்து அவ்வளவு பிரமாதமாக நடித்தார். "ஏய், இந்தாம்மா" என்று என் பேரன் என்னையே கூப்பிட்டான். வெறுக்க வேண்டிய ஆளை ரசிக்க ஆரம்பித்துவிட்டோம். இது யார் தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை, நானும் சிரித்தவள்தான்.

அகிலாம்மா, அந்தப் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அயலி போடுங்கள். 2023இல் வந்த வெப் தொடர், முத்துக்குமார் இயக்கம், எட்டே பாகம். 1990இல் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கிராமம். வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம். தமிழ்ச்செல்வி டாக்டராக வேண்டும். அதனால் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். ஒரு சின்னப் பொய்யை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறார்கள்! அபி நட்சத்திராவும், அம்மாவாக அனுமோளும். அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிகிற இடம் வரும்போது ரிமோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மல்லேஸ்வரம் மீனா

அயலிக்கு நானும் கை தூக்குகிறேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு கன்னடப் படம் பார்க்காமல் இருப்பது, மல்லேஸ்வரத்தில் குடியிருந்துகொண்டு தோசை வேண்டாம் என்பதுபோல. அதனால் மூன்று மட்டும்.

ஷரபஞ்சரா, புட்டண்ண கணகால். திரிவேணியின் நாவல். கல்பனா காவேரியாக. பிரசவத்துக்குப் பிறகு மனநிலை பாதிக்கப்பட்டு, குணமாகி வீட்டுக்கு வருகிறாள். ஆனால் வீட்டுக்கு அவள் குணமாகவே இல்லை. பாத்திரம் கை தவறி விழுந்தால்கூட எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். குணமான ஒருத்தியை மறுபடி நோயாளியாக்குவது எப்படி என்று அந்த வீடு பாடம் நடத்துகிறது. உங்கள் அளவுகோலில் இது தேறாது, அவளிடம் எந்த முடிவும் விடப்படவில்லை. அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அக்கா.

ஃபணியம்மா, 1983, பிரேமா காரந்த் இயக்கியது. எம்.கே. இந்திராவின் நாவல். சிறு வயதிலேயே கல்யாணம், சிறு வயதிலேயே விதவை, மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டவள். அவளேதான் பிறகு இன்னொரு இளம் விதவைக்காக வாய் திறக்கிறாள்.

நாதிசராமி, 2018, மன்சோரே. கணவனை இழந்த ஐடிப் பெண், அவளுடைய உடம்பின் தேவை. ஸ்ருதி ஹரிஹரன். பத்தாவது படிக்கிற பெண் இல்லாத மாதம் போடுங்கள். அவளைவிட, அவள் அம்மா பக்கத்தில் இருந்தால் அவர்தான் நெளிவார்.

கேள்விக்குறி

ராத்திரி ஷிப்டுக்கு: நேர்கொண்ட பார்வையை மறுபடி பார்த்தேன். அந்த மூன்று பெண்களுக்குத் தமிழில் எதுவும் சேரவில்லை. ஒத்துக்கொள்கிறேன். சண்டைக்காட்சி மட்டும் இன்னும் பிடிக்கிறது.

ராத்திரி ஷிப்ட்

அது எனக்கும் பிடிக்கும், வெளியே சொல்லாதீர்கள்.

கொட்டுக்காளியை (2024) யாரும் சொல்லவில்லையே? பி.எஸ். வினோத்ராஜ். அன்னா பென் கிட்டத்தட்ட படம் முழுக்க வாயே திறப்பதில்லை. வேறு சாதிப் பையனை நேசித்துவிட்டாள், பேய் பிடித்துவிட்டதென்று ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். பின்னணி இசை கிடையாது. சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், அவள் ஒருத்தி பேசாமல் இருக்கிறாள், அந்த மௌனத்தை ஒருவராலும் உடைக்க முடியவில்லை. கூடவே கால் கட்டிய ஒரு சேவலும் வருகிறது. நடக்கிற வேகத்தில்தான் படம் போகும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் அத்தை தூங்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அல்சூர் அகிலா

ஒரு மாதம் கழித்து வருகிறேன். முதலில் மகளிர் மட்டும் போட்டோம். பொம்மனஹள்ளித் தம்பி, உங்கள் அம்மா சொன்னதைப் படம் ஆரம்பிக்கும் முன்பே எல்லோருக்கும் சொன்னேன். பாப்பம்மா வரும்போதெல்லாம் ஹாலில் ஒரு நிமிர்வு. நாகேஷ் வந்தபோது எதிர் வீட்டு ஆன்ட்டிக்குப் புரை ஏறி, படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தோம். பத்தாவது படிக்கிற பெண் கேட்டாள்: "ஏன் ஆன்ட்டி இவங்க வீடியோ எடுத்துப் போடல?" 1994இல் கையில் கேமரா போன் கிடையாது என்று விளக்கவே கால் மணி நேரம் ஆனது.

அடுத்த மாதத்துக்கு அந்த மலையாளச் சமையலறைப் படம், தி கிரேட் இந்தியன் கிச்சன். மலையாள மூலமா, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த தமிழா, இந்தியில் வந்த மிஸஸ் படமா?

மல்லேஸ்வரம் மீனா

மூலம்தான். ஜியோ பேபி, 2021. நிமிஷா சஜயன். வசனம் குறைவு, அதனால் மொழி தடையில்லை. கதாநாயகிக்கும் கணவனுக்கும் பெயர்கூட இல்லை. தேங்காய் துருவுவது, மீன் கழுவுவது, மேஜையில் துப்பிவைத்த முருங்கைச் சக்கையை வழித்தெடுப்பது, மறுபடி மறுபடி. தமிழில் அதே கதைதான், ஆனால் அந்தச் சலிப்பு குறைகிறது. இந்தப் படத்துக்குச் சலிப்பு வேண்டும்.

மாலைப் பலகாரத்துக்கு மட்டும் வெளியே சொல்லிவிடுங்கள். படம் முடிந்து யாரும் அடுப்படிக்குப் போக மாட்டார்கள்.

அல்சூர் அகிலா

நேற்றுப் பார்த்தோம். மூலம்தான்.

அத்தை தூங்கவில்லை. நடுவில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் ஆளாளுக்குப் பேசினோம். அவள் அழுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே நடந்தது சரியா, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமா என்று இரண்டு கட்சி. சபரிமலை பற்றி ஒரு சின்னச் சண்டையும் வந்தது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அத்தை கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். "அந்த சிங்க் ஒழுகிச்சே, பிளம்பரக் கூப்பிடறேன்னு சொல்லிட்டே இருந்தானே. கடைசி வரைக்கும் கூப்பிட்டானா?"

இல்லை அத்தை, என்றோம்.

அப்புறம் அவர் சொன்ன கதை எனக்கே புதிது. ஸ்ரீராமபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில் அடுப்படிக் குழாய் ஒன்பது வருடம் சொட்டியதாம். மாமா நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தை கீழே ஒரு சொம்பு வைத்து, ராத்திரியில் எழுந்து எழுந்து கொட்டியிருக்கிறார். காலையில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஜாலஹள்ளிக்குப் போய், கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து கடிகாரத்துக்குள் வைக்கிற வேலை. ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கு வேறு. "நீங்களே அந்தக் குழாயைக் கழற்றி மாட்டியிருக்கலாமே?" என்று மூன்றாவது மாடிப் பெண் கேட்டாள். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது ஆம்பளை வேலைன்னு நெனச்சேன்டி" என்றார்.

இன்று காலை ஆறரைக்கு அடுப்படியில் சத்தம். எங்கள் சிங்க்கும் இரண்டு மாதமாகச் சொட்டுகிறது, என் வீட்டுக்காரரும் நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் அத்தை தரையில் உட்கார்ந்திருக்கிறார், குழாயைக் கழற்றிப் பாகம் பாகமாக நியூஸ் பேப்பரில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார், கடிகாரம் பிரித்ததுபோல. வாஷர் தேய்ந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் காட்டினார்.

கேள்வி இதுதான்: பழைய மாடல் அரை இஞ்ச் குழாய்க்கு ரப்பர் வாஷர் எங்கே கிடைக்கும்? எஸ்.பி. ரோடு வரை போக வேண்டுமா? அவர் கூடவே வருவேன் என்கிறார், கடைக்காரன் தரும் அளவை நம்ப மாட்டாராம்.

பனசங்கரிப் பெரியவர்

எஸ்.பி. ரோடெல்லாம் வேண்டாம் அம்மா. அல்சூர் பஜாரிலேயே ஏதாவது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். பழைய வாஷரையும் கையோடு கொண்டுபோங்கள், அளவுக்கு அதுதான் சரி. நான்கைந்தாக வாங்கிவிடுங்கள், ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோதான்.

எனக்கும் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது.